விளம்பரக் கட்டுரைகளை எடுத்துவிட்டேன். வாங்கிய பணத்தை என்ன செய்வது?

நடைவழி | 12 மார்ச் 2025, இரவு 9.40

கோயில்கள், யாத்திரைகள் பற்றி ஒன்பது ஆண்டுகளாகத் தமிழில் ஓர் இணையத்தளம் நடத்துகிறேன். பகலில் வேறு வேலை. தளத்தின் செலவை ஈடுகட்ட ஆண்டுக்குச் சில விளம்பரக் கட்டுரைகள் போடுவதுண்டு. நேற்றிரவு அவற்றில் நான்கை ஒரேயடியாக எடுத்துவிட்டேன். எடுத்தது சரி என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். அடுத்து என்ன செய்வது என்பதில்தான் குழப்பம்.

சென்ற செப்டம்பரில் இங்குள்ள ஒரு பயண நிறுவனம் என்னை அணுகியது. மகா கும்பமேளாவுக்கு ஆள் சேர்க்கிறார்கள். காசி, பிரயாக்ராஜ், அயோத்தி என்று ஆறு கட்டுரைகள் வேண்டும். கட்டுரைக்கு 400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மொத்தம் 2,400 வெள்ளியையும் முன்னதாகவே தந்துவிட்டார்கள். சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் தளத்தில் உரிமம் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. அக்டோபரில் வாரம் ஒன்றாக நான்கு வெளியிட்டேன். ஒவ்வொன்றின் தலையிலும் 'விளம்பரக் கட்டுரை' என்று போட்டேன்.

நவம்பரில் முதல் நெருடல். அந்த இரண்டு சொற்களையும் கட்டுரையின் அடிக்கு, சிறிய எழுத்தில் இறக்கச் சொன்னார்கள். மறுத்தேன். ஜனவரி முதல் வாரத்தில் பயணத்தை ரத்துசெய்தார்கள். பணம் கட்டியவர்கள் கட்டுரைகளின் கீழே வந்து கேள்வி கேட்டார்கள். மொத்தம் 43 கருத்துகள். நீக்கச் சொன்னார்கள், நீக்கவில்லை. இரண்டே நாளில் மூன்று புதிய பெயர்களில் 'அருமையான சேவை' என்று பாராட்டுகள் வந்தன. மூன்றும் ஒரே ஐபி முகவரியிலிருந்து, அதாவது ஒரே இணைய இணைப்பிலிருந்து. அதையும் பொறுத்துக்கொண்டேன். சென்ற வாரம், குறை சொன்னவர்களின் மின்னஞ்சல் முகவரிகளைக் கேட்டார்கள், 'நாங்களே பேசித் தீர்த்துக்கொள்கிறோம்' என்று. அதோடு என் பொறுமை தீர்ந்தது.

இன்று கடிதம் வந்திருக்கிறது. 2,400 வெள்ளியும் திரும்ப வேண்டுமாம், கூடவே 5,000 வெள்ளி இழப்பீடாம். கட்டுரைகள் 24 மாதம் தளத்தில் இருக்க வேண்டும், முன்னரே எடுத்தால் 5,000 என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. அவர்கள் எழுதிக் கொடுத்த ஒற்றைப் பக்க ஒப்பந்தம். அந்த வரியை நான் நேற்றுத்தான் வாசித்தேன். சிரிக்காதீர்கள்.

---

தேக்கா கடைக்காரர் | இரவு 10.05

சிரிக்கவில்லை, தம்பி. ஆனால் ஒன்று கேட்கிறேன். காசு வாங்கும்போது இனித்தது, இப்போது கசக்கிறதா? கும்பமேளா நேரத்தில் பிரயாக்ராஜுக்கு விமானக் கட்டணம் எப்படி ஏறியது என்று நாடே பார்த்தது. அவர்கள் அக்டோபரில் ஒரு விலைக்கு ஆள் சேர்த்திருப்பார்கள். டிசம்பரில் டிக்கெட் எடுக்கப் போனால் இரண்டு மடங்கு. சிறிய நிறுவனம் என்றால் மூச்சு முட்டத்தான் செய்யும். நானும் தொழில் செய்கிறவன், எனக்குத் தெரியும்.

கோயிலில் உபயதாரர் பெயரைப் பலகையில் எழுதி மாட்டுகிறோம். அவர் கடையில் எடை குறைந்தால் அர்ச்சகரிடமா போய்க் கேட்கிறோம்?

---

பழைய விளம்பரக்காரன் | இரவு 10.31

அர்ச்சகர் தீபாராதனைக்கு நடுவில் 'அந்தக் கடையிலேயே வாங்குங்கள்' என்று சொல்லியிருந்தால் கேட்போம், ஐயா. உபயப் பலகை வேறு, விளம்பரக் கட்டுரை வேறு. கட்டுரையில் பேசுவது எழுதியவரின் குரல். அந்தக் குரலுக்குத்தான் கட்டுரைக்கு 400 வெள்ளி. வெறும் இடத்துக்கு என்றால் 40 வெள்ளிகூடத் தந்திருக்க மாட்டார்கள்.

விளம்பரத் துறையில் 22 ஆண்டுகள் இருந்தேன். நிறுவனம் பயணத்தை ரத்துசெய்தது எனக்குப் பெரிய குற்றமாகத் தெரியவில்லை, அது எல்லோருக்கும் நடக்கக்கூடியது. ஆனால் 'விளம்பரம்' என்ற சொல்லை அடிக்கு இறக்கச் சொன்னார்களே, அங்கேயே சாயம் வெளுத்துவிட்டது. சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையம் 2016-இல் சமூக ஊடகங்களுக்கும் இணையத்துக்கும் வெளியிட்ட வழிகாட்டியில், பணம் வாங்கி எழுதியதை வாசகருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்றிருக்கிறது. அடியில் ஒளித்துவைத்தால் அது தெரிவித்ததாகாது. அவர்கள் சொன்னதைக் கேட்டிருந்தால் பழி உங்கள் தலையில் விடிந்திருக்கும்.

அந்த வழிகாட்டிக்கு முந்தைய ஆண்டு நடந்ததைப் பலர் மறந்திருப்பீர்கள். 2015 மார்ச்சில், சிங்டெல் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஒரு விளம்பரத்துக்காக கஷ்கிளவுட் என்ற முகவர் நிறுவனம் வலைப்பதிவர்களுக்கு அனுப்பிய குறிப்பு வெளியே வந்தது. போட்டி நிறுவனங்களான ஸ்டார்ஹப்பையும் எம்1-ஐயும் குறைகூறும்படி அதில் கேட்டிருந்தார்கள். சிங்டெலின் தலைமை அதிகாரியே மன்னிப்புக் கேட்டார், கஷ்கிளவுட்டுடனான உறவையும் முறித்துக்கொண்டார்கள். அங்கே பணம் கொடுத்த பெரிய இடம் இறங்கி வந்தது. உங்கள் கதையில் பணம் கொடுத்தவர் கடிதம் அனுப்புகிறார்.

---

வழக்குரைக்காதவன் | இரவு 11.12

நான் வழக்கறிஞர் இல்லை, வழக்கறிஞர் அலுவலகத்தில் கோப்பு சுமப்பவன். இதை ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாமல் தேநீர் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

5,000 வெள்ளிக்குப் பயப்படாதீர்கள். ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் தொகை, ஏற்படக்கூடிய இழப்பின் நியாயமான மதிப்பீடாக இருக்க வேண்டும். மிரட்டுவதற்காக எழுதிய தொகை என்றால் நீதிமன்றத்தில் நிற்காது. 1914-இல் இங்கிலாந்தில் டன்லப் டயர் நிறுவனத்தின் வழக்கில் வகுத்த அளவுகோல் இது. இங்கிலாந்து 2015-இல் அதை மாற்றிக்கொண்டது. நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-இல் பழைய அளவுகோலே போதும் என்று சொல்லிவிட்டது. 2,400 வெள்ளி வேலைக்கு 5,000 வெள்ளி இழப்பு எப்படி வந்தது என்று அவர்களிடம் கேளுங்கள். அதுவும், ரத்தாகிவிட்ட பயணத்தின் விளம்பரத்தை எடுத்ததால்!

மின்னஞ்சல் முகவரிகளைத் தராதது நல்லது. உங்கள் தளம் பணம் ஈட்டுகிறது, அந்த அளவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். கருத்து எழுதுவதற்காகத் தந்த முகவரியை வேறொருவருக்கு, அதுவும் யாரைப் பற்றிக் குறை சொன்னார்களோ அவருக்கே தூக்கிக் கொடுக்க வாசகர்கள் ஒப்புதல் தரவில்லை.

எச்சரிக்கை ஒன்று. ஏன் எடுத்தீர்கள் என்று எழுதும்போது 'மோசடி', 'ஏமாற்றுக்காரர்கள்' போன்ற சொற்கள் வேண்டாம். அவதூறு வழக்கில் உண்மை என்பது நல்ல தற்காப்பு, ஆனால் நிரூபிக்கும் சுமை உங்கள் மேல் விழும். கண்ணால் பார்த்ததை மட்டும், தேதியோடு எழுதுங்கள்.

---

மட்டுறுத்துநர் | இரவு 11.20

நிறுவனத்தின் பெயரை யாரும் இங்கே கேட்கவோ ஊகிக்கவோ வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

---

நெசவாளி | 13 மார்ச், காலை 7.15

பஸ்ஸில் இருந்தபடி எழுதுகிறேன். 'எடுத்துவிட்டேன்' என்கிறீர்களே, எப்படி எடுத்தீர்கள்? உங்கள் தளத்தைத் தேடிப் பார்த்தேன் (சிரமமில்லாமல் கிடைத்தது, மன்னிக்கவும்). நான்கு பக்கங்களும் 'காணவில்லை' என்று வருகின்றன. அழித்துவிட்டீர்களா, மறைத்து மட்டும் வைத்திருக்கிறீர்களா?

அந்த 43 கருத்துகளும் சேர்ந்து போயினவா?

இன்னொன்று. அவர்களின் தளத்துக்குக் கொடுத்த இணைப்பில் 'இது விளம்பரம்' என்று கூகுளுக்குச் சொல்லும் குறியீடு இருந்ததா? 2019 செப்டம்பரிலிருந்து அதற்கென்றே தனிக் குறியீடு இருக்கிறது. விளம்பரம் என்ற சொல்லை அடிக்கு இறக்கச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதையும் எடுக்கச் சொல்வார்கள். அவர்களுக்கு உங்கள் வாசகரைவிடத் தேடுபொறியில் கிடைக்கும் இடம்தான் முக்கியம்.

---

நடைவழி | காலை 8.02

குறியீடு இருந்தது. நீங்கள் சொன்னபடியே அதையும் எடுக்கச் சொன்னார்கள். அது என்னவென்று தெரியாமலேயே 'பார்க்கிறேன்' என்று சொல்லி மறந்துவிட்டேன். என் மறதியும் ஒருமுறை நல்லது செய்திருக்கிறது.

அழிக்கவில்லை, குப்பைத்தொட்டியில்தான் கிடக்கின்றன. கருத்துகளும் அதோடு போய்விட்டன. அதை யோசிக்கவில்லை.

---

ஈசூன்வாசி | காலை 9.48

நேற்றிரவு உங்கள் பக்கத்தைத் திறந்தேன், காணவில்லை. தேடிக்கொண்டே இங்கே வந்து சேர்ந்தேன். அந்த 43 கருத்துகளில் நான்கு என்னுடையவை.

என் அம்மாவும் பெரியம்மாவும் ஆளுக்கு 900 வெள்ளி கட்டியிருந்தார்கள். ஜனவரி 29, தை அமாவாசையன்று திரிவேணியில் நீராட வேண்டும் என்பது அப்பா போனதிலிருந்து அம்மாவின் ஆசை. உங்கள் மூன்றாவது கட்டுரையை என்னிடம் அச்சடித்துத் தரச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறார். தங்கும் கூடாரத்திலிருந்து சங்கமத்துக்கு 'பத்து நிமிட நடை' என்று நீங்கள் எழுதிய இடத்தைப் பேனாவால் வட்டமிட்டிருக்கிறார். அம்மாவுக்கு முட்டிவலி. அந்த வரிக்காகத்தான் துணிந்தார்.

ரத்துசெய்த பிறகு பணம் கேட்டால், 'அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளலாம்' என்கிறார்கள். பிரயாக்ராஜ் மகா கும்பமேளா 2013-இல் நடந்தது, இப்போது 2025. அடுத்தது 2037-இல்தான். அம்மாவுக்கு இப்போது 71. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் தை அமாவாசையன்று அங்கே நெரிசலில் 30 பேர் இறந்ததாக அரசு அறிவித்தது, வாசித்திருப்பீர்கள். மறுநாள் அந்த நிறுவனத்திடமிருந்து அம்மாவுக்கு வாட்ஸ்அப்: 'பார்த்தீர்களா அம்மா, நாங்கள் ரத்துசெய்ததால் தப்பித்தீர்கள்.' அன்று அம்மா சாப்பிடவில்லை.

நீங்கள் கட்டுரைகளை எடுத்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி எதுவும் இல்லை, அண்ணா. எங்களைப் போன்றவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டதே அந்தக் கருத்துப் பகுதியில்தான். யாருக்கு எந்தத் தேதியில் என்ன பதில் வந்தது என்பதெல்லாம் அங்கேதான் இருந்தது. 'ஜனவரி இறுதிக்குள் பணம் திரும்ப வரும்' என்று நிறுவனமே ஒரு பதில் எழுதியிருந்தது. அதுவும் போய்விட்டது. சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போவதற்காக அதைத்தான் நேற்றிரவு எடுக்க வந்தேன்.

---

வழக்குரைக்காதவன் | காலை 10.20

'நடைவழி' அவர்களே, மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அந்தக் கருத்துகளை முதலில் மீட்டெடுங்கள். குப்பைத்தொட்டி தானாகக் காலியாகும் வகையில் அமைந்திருந்தால் நாள்கள் எண்ணப்பட்டுக்கொண்டிருக்கின்றன. நிறுவனத்தின் சொந்த வாக்குறுதி எழுத்தில் இருக்கிறது, அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

'ஈசூன்வாசி' அக்கா, நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். வழக்கறிஞர் வைக்க அங்கே அனுமதியில்லை, அதனால் அவர்களும் வைக்க முடியாது. அம்மா, பெரியம்மா இருவரும் தனித்தனியாகப் பணம் கட்டியிருந்தால் தனித்தனியாகவே மனு போடுங்கள். பயனீட்டாளர் சங்கத்திடமும் புகார் தரலாம், ஆனால் சங்கம் பேசிப் பார்க்கும், உத்தரவு போடாது.

---

தேக்கா கடைக்காரர் | காலை 10.44

'தப்பித்தீர்கள்' என்று அனுப்பினார்களா? நான் நேற்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தொழிலில் நட்டம் வரும், அது வேறு. நட்டப்பட்டவன் இப்படிப் பேசமாட்டான்.

இருந்தாலும் தம்பி அந்த 2,400 வெள்ளியை வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

---

ஜூரோங் கணக்கர் | பகல் 1.10

உணவு இடைவேளைக் கணக்கு. வெளியிடாத இரண்டு கட்டுரைகளுக்கு 800 வெள்ளி. அதில் பேச்சே இல்லை, இன்றே திருப்பிவிடுங்கள். மீதி 1,600. அக்டோபரிலிருந்து மார்ச் வரை, தோராயமாக ஐந்து மாதம் ஓடியிருக்கின்றன. 24 மாதத்தில் 19 மாதம் மிச்சம் என்றால் 1,600-இல் 24-க்கு 19 பங்கு, அதாவது 1,266 வெள்ளி 67 காசு. ஆக மொத்தம் 2,066 வெள்ளி 67 காசு திருப்பினால் யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. உங்களிடம் தங்குவது 333 வெள்ளி 33 காசு.

உண்மையில் கட்டுரையின் பயன் முதல் மூன்று மாதத்திலேயே முடிந்துவிட்டது. கும்பமேளா பிப்ரவரி 26-ஆம் தேதியோடு முடிந்த பிறகு அதற்கு ஆள் சேர்க்கும் கட்டுரை எதற்கு? அப்படி வாதாடினால் இன்னும் குறைவாகத் தரலாம். அது உங்கள் மனத்தைப் பொறுத்தது.

---

கிழக்குக்கரை | பகல் 1.25

நிறுவனத்துக்கு ஏன் தரவேண்டும்? அந்தப் பணத்தை ஏமாந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். இந்த அக்காவின் அம்மாவுக்கே 900 கொடுக்கலாமே.

---

வழக்குரைக்காதவன் | பகல் 1.52

நல்ல மனம், மோசமான யோசனை. நிறுவனத்துக்குத் தரவேண்டியதை வேறொருவருக்குத் தந்தால் நிறுவனத்துக்கான கடன் அடையாது, இவர் இரண்டு முறை தரவேண்டி வரும். அதோடு, வாடிக்கையாளர்களுக்குப் பணம் திருப்புவது பயண நிறுவனத்தின் கடமை. அந்தச் சுமையை இவர் தோளில் மாற்றிவைத்தால் அவர்கள் கை தட்டுவார்கள்.

---

ஈசூன்வாசி | பகல் 2.03

எங்களுக்கு இவருடைய பணம் வேண்டாம். கருத்துகள் போதும்.

---

நடைவழி | இரவு 11.35

அலுவலகம் முடிந்து வந்து உட்கார்ந்தேன். 43 கருத்துகளும் கிடைத்துவிட்டன. தேதி, நேரத்தோடு அப்படியே ஒரு கோப்பாக எடுத்துவைத்துவிட்டேன். 'ஈசூன்வாசி', உங்கள் நான்கையும் நிறுவனத்தின் பதிலையும் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். மற்றவர்கள் கேட்டால் அவரவர் எழுதியதை அவரவருக்கு அனுப்புவேன்.

'நெசவாளி' சொல்வதற்கு முன்பே ஒன்றைச் செய்துவிட்டேன். நான்கு பக்கங்களும் அதே முகவரியில் மீண்டும் வந்திருக்கின்றன. ஆனால் கட்டுரை இல்லை, நிறுவனத்துக்கான இணைப்பும் இல்லை. அந்த இடத்தில் ஒரு குறிப்பு; அதன் கீழே வாசகர் கருத்துகள். குறிப்பில் எழுதியது: 'இங்கே பணம் பெற்று வெளியிட்ட விளம்பரக் கட்டுரை ஒன்று இருந்தது. அதில் சொன்ன பயணம் 2025 ஜனவரியில் ரத்தாகிவிட்டது. பணம் திரும்பவில்லை என்று வாசகர்கள் கீழே எழுதியிருக்கிறார்கள். கருத்துகளை நீக்கும்படியும் வாசகர்களின் முகவரிகளைத் தரும்படியும் விளம்பரதாரர் கேட்டதால், மார்ச் 11 அன்று கட்டுரையை எடுத்தேன்.' இதில் அவதூறு எதுவும் இல்லையே?

2,400 வெள்ளியையும் முழுதாகத் திருப்புகிறேன். கணக்கர் போட்ட கணக்கு நியாயமானதுதான். ஆனால் அந்த 333 வெள்ளியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? 5,000-ஐத் தரமாட்டேன் என்றும் எழுதிவிட்டேன்.

---

பழைய விளம்பரக்காரன் | 14 மார்ச், காலை 6.50

குறிப்பு நன்றாக இருக்கிறது. அதிகாலையில் எழுந்ததும் இரண்டு முறை வாசித்தேன். பெயர்ச்சொல் குறைவு, வினைச்சொல் அதிகம். அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரே ஒரு கேள்வி. கட்டுரைகளை மின்னஞ்சல் மடலாகவும் அனுப்பியிருப்பீர்களே, அவர்களுக்கு?

---

நடைவழி | காலை 7.30

ஆம், அக்டோபரில் 1,100 பேருக்குப் போனது. இதே குறிப்பை இன்றிரவு அவர்களுக்கும் அனுப்புகிறேன்.

---

ஈசூன்வாசி | காலை 9.15

கோப்பு கிடைத்தது, அண்ணா. நன்றி. இன்று மாலை இணையம் வழியாக மனு போடுகிறேன்.

அம்மா ஒன்று கேட்கச் சொன்னார். வெளியிடாத இரண்டு கட்டுரைகளில் ஒன்று திரிவேணி சங்கமம் பற்றியது என்று நீங்கள் முன்பு அறிவித்திருந்தீர்களாம். விளம்பரம் இல்லாமல் அதை மட்டும் போடமுடியுமா? போகத்தான் முடியவில்லை, வாசிக்கவாவது வேண்டும் என்கிறார்.

---

நடைவழி | பகல் 12.40

காலையிலிருந்து இதற்குப் பதில் எழுத முயல்கிறேன்.

போடமுடியாது, அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். நான் பிரயாக்ராஜுக்குப் போனதே இல்லை. காசி வரை ஒருமுறை போயிருக்கிறேன், அவ்வளவுதான். கட்டுரைகளில் இருந்த கூடாரம், உணவு, நேரக்கணக்கு எல்லாம் நிறுவனம் அனுப்பிய குறிப்பிலிருந்து எடுத்தவை. அந்தப் பத்து நிமிட நடையும் அவர்கள் எழுதியதுதான். நான் அதைப் போய்ப் பார்த்தவன்போல எழுதினேன். தலையில் 'விளம்பரக் கட்டுரை' என்று போட்டுவிட்டதால் என் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதையும் நேற்றைய குறிப்பில் சேர்த்துவிட்டேன். மடலில் போவதும் திருத்திய குறிப்புதான்.

---

தேக்கா கடைக்காரர் | பகல் 12.58

இதை நீ முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும், தம்பி.

---

நடைவழி | பகல் 1.04

ஆமாம்.

---

ஈசூன்வாசி | இரவு 8.26

மனு போட்டாயிற்று, அம்மாவுக்கு ஒன்று, பெரியம்மாவுக்கு ஒன்று.

நீங்கள் எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்த அச்சடித்த தாளை அலமாரியிலிருந்து எடுத்து வந்து, ரசீதோடு சேர்த்துக் கோப்பில் வைக்கச் சொன்னார். வைத்துவிட்டேன்.